பெரியவர் உட்கார்ந்து போட்ட வாக்கு

எங்கள் ஓய்வூதியர் சங்கச் செய்திமடலின் ஆசிரியர் போன மாதம் எனக்கு எழுதிய கடிதம் மிகச் சிறியது. "அடுத்த குடியரசுத் தலைவர் தேர்தல் நெருங்குகிறது. கையெழுத்துப் போடுவதைத் தவிர அதிக வேலையில்லாத ஒரு பதவிக்கு இத்தனை ஏற்பாட்டோடு தேர்தல் வேண்டுமா என்று நம் உறுப்பினர்கள் சண்டை போடுகிறார்கள். தாங்கள் அந்த வாக்குப்பதிவு அறைக்குள் இருந்தவர். இரண்டு பக்கத்துக்குள் எழுதித் தரவும்." கீழே கையொப்பம், அதன் கீழே தேதி. கடிதத்தில் தேதி போடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அதற்காகவே பதில் எழுத உட்கார்ந்தேன்.

இரண்டு பக்கத்துக்குள் முடியவில்லை. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதை எழுதினாலும் ஆண்டு, மாதம், கிழமை போடுகிறவன் நான். அதற்காக வீட்டில் கேலியும் வாங்குகிறவன். ஆனால் இந்தக் கட்டுரையில் ஆண்டு இருக்காது. புதுச்சேரியில் இந்தத் தேர்தலில் வாக்களிப்பவர்கள் முப்பது பேர்தான். ஆண்டைச் சொன்னால் நான் யாரைப் பற்றி எழுதுகிறேன் என்பதை உப்பளம் டீக்கடையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ஊர், கட்சி எதையும் சொல்லப் போவதில்லை. சில அடையாளங்களை மாற்றியும் இருக்கிறேன்.

பெரிய மார்க்கெட் பக்கத்தில் எங்கள் அத்தாவுக்குப் பாத்திரக் கடை. நான் கடையில் உட்காராமல் தட்டச்சு படிக்கப் போனதில் அவருக்கு வருத்தம். சட்டப்பேரவைச் செயலகத்தில் வேலை கிடைத்ததும் வருத்தம் பாதியானது. சம்பளம் ஒழுங்காக வருவதைப் பார்த்த பிறகு மீதியும் போனது. தட்டச்சராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக வெளியே வந்தேன். நடுவில் இருந்த ஆண்டுகளில் பெரும்பகுதி, உறுப்பினர்கள் பேசியதை எழுதுவதிலும், பேசாததை எழுதாமல் இருப்பதிலும் கழிந்தது.

குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தால் அந்தக் கட்டடத்திலேயே ஓர் அறை வாக்குச்சாவடி ஆகும். பொதுமக்களுக்கு இதில் வாக்கு இல்லை. பாராளுமன்ற உறுப்பினர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும்தான் வாக்களிப்பார்கள். முத்திரை குத்துவது இல்லை, விருப்பமான பெயருக்கு நேரே ஒன்று என்ற எண்ணைப் பேனாவால் எழுத வேண்டும். ஒவ்வொரு மாநிலத்து உறுப்பினரின் வாக்குக்கும் மக்கள்தொகையை வைத்து ஒரு மதிப்பு உண்டு. எங்கள் உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு பதினாறு. முப்பது பேருக்கும் சேர்த்து நானூற்று எண்பது. நாடு முழுவதும் கூட்டினால் பத்து லட்சத்தைத் தாண்டும். அதாவது, எங்கள் பெட்டியைக் கடலில் போட்டாலும் முடிவு மாறாது. வெற்றி யாருக்கு என்பது பெரும்பாலும் வேட்புமனு நாளிலேயே தெரிந்துவிடும். எனக்கும் பல காலம் இது வீண் வேலை என்றுதான் எண்ணம். பெட்டிக்கு அரக்கு வைத்துக்கொண்டே அப்படி நினைத்திருக்கிறேன்.

அந்த ஆண்டு எங்களுக்கு உதவித் தேர்தல் அதிகாரியாக இருந்தவர் தெரேஸ் மேடம். உண்மைப் பெயர் இதுவல்ல. பழைய பிரெஞ்சுக் குடும்பம். அவருடைய தாத்தா கோர்ட்டில் பிரெஞ்சில் எழுதியவர். மேடம் தமிழில்தான் பேசுவார். ஒரு விஷயம் முடிவாகிவிட்டது என்றால் மட்டும் "தக்கோர்" என்பார். சம்மதம் என்று பொருள். அதற்குப் பிறகு அந்த விஷயத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

அவருடைய வழக்கம் ஒத்திகை. விதிப்புத்தகத்தைப் படித்துக் காட்டமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இப்ப நீங்கதான் மெம்பர். உள்ள வாங்க" என்பார். நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு விதமான உறுப்பினராக நடிக்க வேண்டும். செல்போனோடு வருகிறவர். நாங்கள் தருகிற பேனாவை விட்டுச் சொந்தப் பேனாவால் எழுதுகிறவர். கட்சி ஏஜென்ட்டிடம் சீட்டைக் காட்டிவிட்டுப் பெட்டிக்கு வருகிறவர். இந்தக் கடைசி ஆள்தான் முக்கியம். மாநிலங்களவைத் தேர்தலில் உறுப்பினர் தன் சீட்டைத் தன் கட்சி ஏஜென்ட்டுக்குக் காட்டியே ஆக வேண்டும். குடியரசுத் தலைவர் தேர்தலில் யாருக்கும் காட்டக் கூடாது. காட்டினால் அந்தச் சீட்டு ரத்து. ஒரே ஆட்கள், ஒரே கட்டடம், நேர் எதிரான இரண்டு விதிகள். பழக்கத்தில் கை தானாகத் திரும்பிவிடும். ஒத்திகையில் எனக்கே அப்படித் திரும்பியது. "ரத்து" என்றார் மேடம். மேடத்தைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குத் தரப்பட்ட வேலை மடிப்பது. சீட்டை உறுப்பினரிடம் கொடுப்பதற்கு முன் நீளவாக்கில் ஒரு மடிப்பு, குறுக்கே ஒரு மடிப்பு வைத்து, மறுபடி விரித்துக் கொடுக்க வேண்டும். எழுதி முடித்தபின் அவர் அதே தடத்தில் மடித்துவிடலாம். ஜூலை மாதக் கடற்காற்றில் காகிதம் பிசுபிசுத்துப் போய், மடிப்பு நிற்காது. மேடம் என் சீட்டை எடுத்துப் பார்த்து, "நகத்தால அழுத்துங்க பாய். கையை எடுத்தா அதுவா மூடணும்" என்றார். மாதிரிச் சீட்டுகளை மடித்து மடித்து நகம் வலித்தது.

வாக்குப்பதிவுக்கு நாலைந்து நாள் முன்பு ஒரு மதியம் பெரியவர் வந்தார். கட்சி பேதமில்லாமல் அவரை எல்லோரும் பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம். நகரத்துக்கு மேற்கே கரும்பும் நெல்லும் பயிரிடுகிற குடும்பம். பல முறை ஜெயித்தவர். மந்திரி ஆனதில்லை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, டீ வந்ததும் வலது கையால் எடுத்தார். பாதி டீ தட்டில் கொட்டியது. தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"பாத்துட்டியா பாய்? வாயால கேக்கறதுக்குப் பதிலா கையே கேட்டுடுச்சு. இந்தக் கைய வச்சுகிட்டு எப்படி ஓட்டுப் போடறது?"

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

"ஒரு வருசமா. சபையில துண்டுக்குள்ள மறைச்சு வச்சுக்குவேன். கை தூக்கறப்ப ஆட்டிகிட்டே தூக்குவேன், உற்சாகம்னு நினைச்சுக்குவானுங்க."

அவரை மேடத்தின் அறைக்கு அழைத்துப் போனேன். மேடம் கேட்டுவிட்டு, விதியில் வழி இருக்கிறது என்றார். பார்வையில்லாதவர், எழுத இயலாதவர் என்றால் அவர் சொல்கிற பெயருக்கு நேரே வாக்குச்சாவடியின் தலைமை அலுவலரே, அதாவது மேடமே, குறித்துக் கொடுக்கலாம். அதை வெளியில் சொல்வது குற்றம்.

பெரியவர் தலையாட்டினார். "நீ சொல்ல மாட்டம்மா. உன்னைப் பத்தித் தெரியும். ஆனா உனக்குத் தெரிஞ்சிடும்ல?"

"எனக்கு மட்டும்தான் ஐயா."

"அதான். ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் அது என்னுது இல்லாம போயிடும்."

பெரியவர் துண்டால் கையைச் சுற்றிக்கொண்டு பேசினார். அவர் அத்தனை நீளமாகப் பேசி நான் சபையில் எழுதியதில்லை.

"இத்தனை வருசத்துல கொறடா தூக்குன்னா தூக்கினேன், எறக்குன்னா எறக்கினேன். என் தொகுதி வாய்க்காலுக்கு எதிரா ஒரு தபா கை தூக்கியிருக்கேன், தெரியுமா உனக்கு? கட்சி சொல்லிச்சு, தூக்கினேன். அப்படித் தூக்கி நாம அனுப்பற ஃபைலும் என்னா ஆவுது? நியமனம் ஆகி வந்த கவர்னருங்க கிட்டப் போயி படுத்துக்குது. இது ஒண்ணுலதான் கொறடா கிடையாது. யாரும் உத்தரவு போட முடியாது. நியமன மெம்பருக்கும் இதுல ஓட்டு கிடையாது. ஜெயிச்சு வந்தவன் மட்டும்தான் போடணும். எனக்குன்னு இருக்கற ஒரே ஓட்டு இதான்மா. அடுத்த தபா நான் இருக்கப் போறதில்ல."

"கட்சியில ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று மேடம் கேட்டார்.

"உத்தரவு போட முடியாதுன்னா கெஞ்சக் கூடாதுன்னு இருக்கா? கெஞ்சறானுங்க. அது பரவால்ல. செல்லாத ஓட்டுன்னு ஒண்ணு விழுந்துச்சுன்னா என் தலையிலதான் கட்டுவானுங்க. வேணும்னே கெடுத்தான், விலை போயிட்டான்னுவானுங்க. கை நடுங்கிச்சுன்னு சொன்னா எவன் நம்புவான்?"

இதுதான் அவருக்கு இருந்த சிக்கல். உதவி கேட்டால் வாக்கு அவருடையதாக இருக்காது. கேட்காமல் எழுதினால் வாக்கு செல்லாமல் போகலாம். போனால் இத்தனை ஆண்டுப் பெயரும் சேர்ந்து போகும். பெட்டியைக் கடலில் போட்டாலும் முடிவு மாறாத ஒரு தேர்தலில்.

மேடம் ஒரு வெள்ளைத்தாளை அவர் முன் வைத்து ஒன்று என்று எழுதச் சொன்னார். நின்றுகொண்டு எழுதினார். ஒன்று மாதிரி இல்லை. மழைக்காலத்துச் சுவரில் ஓடும் விரிசல் மாதிரி இருந்தது. உட்கார்ந்து எழுதச் சொன்னார். முழங்கைகள் இரண்டும் மேசையில் பதிந்ததும், இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினார். கோணல்தான். ஆனால் ஒன்று என்று யாரும் படிக்கலாம். மேடம் அந்தத் தாள்களை அவர் எதிரிலேயே கிழித்துக் கூடையில் போட்டார்.

"உங்களுக்கு வேண்டியது நான் இல்ல ஐயா. நாற்காலிதான்" என்றார்.

வாக்குப்பதிவு மறைப்பு எங்களிடம் நின்று எழுதும் உயரத்தில்தான் இருந்தது. அவருக்காக ஒரு நாற்காலி போட்டால், ஏன் அவருக்கு மட்டும் என்று கேட்பார்கள். கேட்டால் கையைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். மேடம் இரண்டு மறைப்புகள் வைக்கலாம் என்றார். ஒன்று நின்று எழுத, ஒன்று உட்கார்ந்து எழுத. எந்த உறுப்பினரும் எதையும் எடுத்துக்கொள்ளலாம். படிப்பறையிலிருந்து தாழ்ந்த மேசை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். "தக்கோர்" என்றார். பெரியவருக்கு அந்தச் சொல் புரியவில்லை. ஆனால் முகம் தெளிந்தது.

வாக்குப்பதிவு நாள் காலையில் இரண்டு வேட்பாளர்களின் பிரதிநிதிகளும் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பக்கத்துப் பிரதிநிதி பெரியவரின் அக்கா மகன். மாமனுக்காகவே அவனை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எதிர்ப்பக்கத்துப் பிரதிநிதி ஒரு வழக்கறிஞர். தாழ்ந்த மேசையைப் பார்த்ததும் எழுந்தார்.

"மேடம், இது என்னா புதுசா? அடியில கேமரா கீமரா வச்சிருக்கீங்களா?"

"வந்து பாருங்க. ரெண்டு பேரும் பாருங்க."

வழக்கறிஞர் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார். அக்கா மகன் மேசையைக் கவிழ்த்தே பார்த்தான். அடியில் யாரோ என்றைக்கோ ஒட்டிவைத்த சூயிங்கம் மட்டும் இருந்தது. "இது எந்தக் கட்சி?" என்றார் வழக்கறிஞர். இருவரும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மேடம் அந்தச் சிரிப்பு அடங்கியதும், வாக்குச்சீட்டைக் காட்டினால் ரத்து என்பதை இரண்டு பேர் முகத்தையும் பார்த்துச் சொன்னார்.

நாங்கள் பயந்தது நடக்கவில்லை. முதலில் வந்த உறுப்பினரே நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்தவரும் அப்படியே. நின்று எழுதும் மறைப்பு பாதி நேரம் காலியாக இருந்தது. "நாற்காலியப் பார்த்தா நம்ம மெம்பருங்க விடுவாங்களா?" என்று வழக்கறிஞர் முணுமுணுத்தார். மேடம் சிரித்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

பெரியவர் மதியத்துக்கு முன் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. அக்கா மகன் எழுந்து வணங்கினான். வணங்குகிற சாக்கில் தாழ்ந்த குரலில் சொன்னான். சீட்டு வழங்கும் மேசையில் இருந்த என் காதில் விழுந்தது.

"மாமா, காட்ட வேணாம். மடிக்கறப்ப லேசா நம்ம பக்கமா திரும்புங்க. அது போதும். வெளிய நான் பாத்துக்கறேன்."

"உங்க அம்மா கிட்ட வளந்ததுக்கு இதான் கத்துகிட்டியாடா?"

"அய்யோ மாமா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நான் சீட்டை எடுத்தேன். நீளவாக்கில் மடித்து நகத்தால் இழுத்தேன். குறுக்கே மடித்து மறுபடி இழுத்தேன். விரித்து, பேனாவோடு கொடுத்தேன். என் வேலையில் அதைவிடக் கவனமாக எதையும் செய்ததாக நினைவில்லை.

அவர் உள்ளே இருந்த நேரம் நீண்டது. அட்டை மறைப்புக்கு மேலே அவருடைய தலை மட்டும் தெரிந்தது. ஒரு முறை தலை குனிந்தது, நிமிர்ந்தது, மறுபடி குனிந்தது. பேனா மேசையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அக்கா மகன் பாதி எழுந்தான். மேடம் பார்த்தார். உட்கார்ந்தான்.

வெளியே வந்தபோது சீட்டு வலது கையில் படபடத்தது. அவர் அதை மடித்துக்கொண்டு வந்தாரா, அல்லது எழுதிவிட்டு எடுத்ததும் அதுவாக மூடிக்கொண்டதா, தெரியாது. மூடியிருந்தது. நடுக்கத்தில் ஓர் ஓரம் திறக்கும், உடனே மூடும். அக்கா மகனின் கழுத்து நீண்டது. வழக்கறிஞரின் கழுத்தும் நீண்டது. மேடம் எழுந்து நடந்துபோய் அவர்களுக்கும் பெட்டிக்கும் நடுவில், முதுகைப் பெட்டிப் பக்கம் காட்டி நின்றுகொண்டார். மேடமும் பார்க்கவில்லை, அவர்களையும் பார்க்கவிடவில்லை.

பெட்டியின் வாய் ஒடுக்கமானது. முதல் முயற்சியில் சீட்டு மூடியில் மோதியது. இரண்டாவதிலும் அப்படியே.

"மேடம், நான் ஒரு கை புடிக்கறேன்" என்றான் அக்கா மகன்.

"யாரும் தொடக் கூடாது."

என் கையும் தானாக நீண்டிருந்தது. மடக்கிக்கொண்டேன்.

பெரியவர் சற்று நின்றார். இரண்டு மணிக்கட்டுகளையும் பெட்டியின் மூடிமேல் வைத்து அழுத்தினார். சீட்டின் விளிம்பை மூடியோடு ஒட்டவைத்து மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனார். விளிம்பு வாயில் இறங்கியது. விரல்களை எடுத்தார். கைகள் வெறுமையாக இருந்தன.

வாசல்வரை போனவரைக் கூப்பிட்டேன். "ஐயா, பேனா."

சட்டைப்பையில் செருகியிருந்தார். எடுத்துக் கொடுத்தபடி சொன்னார்: "ஓட்ட வாங்கிட்டீங்க, பேனாவையும் விட மாட்டீங்களா? நல்ல ஆபீஸுடா சாமி."

மாலையில் பெட்டிக்கு முத்திரை வைத்தோம். மேடம் அதைக் காரில் சென்னைக்கும், அங்கிருந்து விமானத்தில் டெல்லிக்கும் கொண்டுபோனார். பெட்டிக்குத் தனி டிக்கெட், தனி இருக்கை. மேடம் சன்னல் ஓரத்தைப் பெட்டிக்கு விட்டுக்கொடுத்தாராம்.

எண்ணிக்கை நாளில் யார் ஜெயிப்பார் என்று எங்கள் அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை. நானும் மேடமும் ஒரே செய்திக்காகக் காத்திருந்தோம். பிற்பகலில் அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். டெல்லியிலிருந்து போன். "நம்ம பெட்டியில செல்லாத சீட்டு எதுவும் இல்லையாம்" என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த முறை அது ஒத்திகைக்காக அல்ல. பெரியவருக்கு நான்தான் போன் செய்தேன். "சரி பாய். இனிமே கை எப்படி ஆடினா என்னா" என்று வைத்துவிட்டார். அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

ஆசிரியரின் கேள்விக்கு என் பதில் இது. அந்தப் பதவியில் இருப்பவர் எவ்வளவு செய்ய முடியும் என்பது அரசியல் சட்டம் படித்தவர்கள் பேச வேண்டியது. செலவு அதிகம், முடிவு முன்பே தெரிந்தது என்பதையும் மறுக்கமாட்டேன். ஆனால் நியமனம் செய்துவிட்டால் மலிவு என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊருக்கு வந்து சில காலம் இருந்து பார்க்கலாம். நாங்கள் தேர்ந்தெடுத்து அனுப்புகிற ஆட்கள், யார் உத்தரவும் இல்லாமல், யாரும் பார்க்காமல், தானாக ஒரு முடிவு எடுக்கிற சந்தர்ப்பம் ஐந்து ஆண்டில் ஒரு தடவை இதில்தான் வருகிறது. தேர்ந்தெடுக்கப்படுகிறவருக்கு அதனால் என்ன கிடைக்கிறதோ, தேர்ந்தெடுக்கிறவருக்கு ஏதோ கிடைக்கிறது. அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நடத்தலாம்.

பெரியவர் அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துக் காலமானார். துக்கத்துக்குப் போயிருந்தபோது அக்கா மகன் என்னை ஒதுக்கமாக அழைத்துச் சொன்னான்: "பாய், அன்னிக்கு மாமா நமக்குத்தான் போட்டாரு. பின்னாடி அவரே எங்கிட்ட சொன்னாரு." திரும்பும்போது லாஸ்பேட்டையில் இறங்க வேண்டிய வழக்கறிஞரை என் மகனின் காரில் ஏற்றிக்கொண்டோம். விமான நிலைய ரோட்டுக்கு வந்ததும் அவரும் குரலைத் தாழ்த்தினார்: "யார்கிட்டயும் சொல்லாதீங்க பாய். பெரியவர் அன்னிக்கு எங்க ஆளுக்குத்தான் போட்டாரு. எங்கிட்ட அவர் வாயாலயே சொன்னது."

இரண்டு பேரும் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தேர்தலின் சீட்டுகள் விதிப்படி இதற்குள் அழிக்கப்பட்டிருக்கும். பெரியவர் யாருக்கு வாக்களித்தார் என்பது சரிபார்க்கப்படவில்லை.